குடை ஷெட் இருபத்தேழு

கழுத்துக்குப் பின்னால் என்னவோ ஊர்ந்தது. எறும்பு என்று நினைத்துத் தட்டிவிடப் போனேன். எறும்பு இல்லை, பின் பெஞ்சு பிரேமாவின் விரல். என் யூனிஃபார்ம் சட்டையின் காலரை மெல்லப் புரட்டிக்கொண்டிருந்தது.

"ஏய், இங்க பாருங்கடி! சரோஜா சட்டையில டோபி மார்க்!"

வாத்தியார் கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதிக்கொண்டிருந்தார். நாலு தலைகள் என் முதுகுக்குப் பின்னால் கூடின.

"இருபத்தேழு. யாரு ஊட்டுத் துணிடி இது? டோபிகிட்ட இருந்து அடிச்சுக்கினு வந்தியா?"

நான் திரும்பி அவள் கையில் ஒரு கிள்ளு கிள்ளினேன். எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில். அன்று பெஞ்சின் மேல் ஏறி நின்றது நான்தான், பிரேமா இல்லை.

இந்தத் தொடரில் இதுவரை அப்பா வந்தார், அல்சூர் ஏரி வந்தது, ஜோகுபாளையத்துச் சந்துகள் வந்தன. "உங்கள் அம்மாவை மட்டும் ஏன் ஓரமாகவே நிறுத்தி வைத்திருக்கிறீர்கள்?" என்று ஒரு வாசகி கேட்டு எழுதியிருந்தார். நியாயமான கேள்வி. இந்த இருபத்தேழைச் சொல்லாமல் அம்மாவைச் சொல்ல முடியாது என்பதுதான் காரணம். இன்று சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டுக்கு டோபி கிடையாது

பெஞ்சின் மேல் நின்றபடி யோசித்தேன். கன்டோன்மென்ட் பக்கம் வசதியான வீடுகளின் துணியெல்லாம் டோபிக்குப் போகும். எந்தத் துணி எந்த வீட்டுக்கு என்று தெரிய ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறி உண்டு. எங்கள் வீட்டிலோ அம்மா குழாயடியில் அடித்துத் துவைப்பாள். நாங்கள் பிழிந்து காயப்போடுவோம். அவ்வளவுதான். அப்படியிருக்க என் சட்டையில் எப்படிக் குறி வந்தது?

வீட்டுக்கு வந்ததும் என் தங்கை விமலாவின் பாவாடையைப் புரட்டிப் பார்த்தேன். இடுப்புப் பட்டையின் உட்பக்கம், வெள்ளை நூலில், கடுகளவு எழுத்தில் இருபத்தேழு. அப்பாவின் காக்கிச் சட்டையிலும் இருபத்தேழு. தலையணை உறையிலும் அதே.

அத்தனையும் அம்மா தைத்தவை. அம்மாவின் பெயர் தனம். தையலில் அவளை மிஞ்ச எங்கள் தெருவில் ஆள் கிடையாது. ஆனால் எல்லாம் கைத்தையல். அப்பா ஒருமுறை பழைய மிஷின் ஒன்றைச் சல்லிசாகப் பேசி, கூலியாள் தலையில் ஏற்றி வாசல்வரை கொண்டுவந்துவிட்டார். "வந்த வழியே எடுத்துக்கினு போவச் சொல்லு" என்று அம்மா உள்ளே போய்விட்டாள். லாரி டெப்போவில் நாற்பது பேரை அதட்டி வேலை வாங்கும் அப்பா, அந்த மிஷினுக்குப் பின்னாலேயே தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனார்.

தைக்க உட்காரும்போது அம்மாவுக்கென்று சில வழக்கங்கள் இருந்தன. கண்ணாடி வளையல்களின் மேல் கந்தல் துணியை இறுக்கிச் சுற்றிக்கொள்வாள். தைத்து முடித்ததும் தையலின் இரு பக்கத்தையும் பிடித்து வெடுக்கென்று இழுத்துப் பார்ப்பாள். பிரியாவிட்டால் "பாஸ்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். பள்ளிக்கூடப் படியே ஏறாத அம்மாவுக்கு அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று நாங்கள் கேட்டதில்லை. அம்மாக்கள் எல்லோரும் அப்படித்தான் தைப்பார்கள் என்று நினைத்திருந்தோம்.

"இன்னாம்மா இது, இருபத்தேழு?" என்று கேட்டேன்.

"சும்மா ஒரு அடையாளம்."

"யாரோட அடையாளம்?"

"அரிசியில கல் பொறுக்கச் சொன்னனே, பொறுக்கினியா?"

பதில் வராது என்று அப்போதே தெரிந்துவிட்டது. அம்மா திருடி என்று நான் நம்பவில்லை. ஆனால் மறுநாள் வகுப்பில் பிரேமா கேட்பாள், எனக்குப் பதில் வேண்டும். விமலாவைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு நானே துப்புத் துலக்கக் கிளம்பினேன். எனக்குப் பத்து வயது, அவளுக்கு ஏழு.

சேங்கொட்டை

அல்சூர் ஏரிப் பக்கம் டோபிகள் துவைக்கும் துறை ஒன்று இருந்தது. கல்லில் துணி அறையும் சத்தம் தெரு முனைவரை கேட்கும். சவுக்காரமும் ஈரமுமாக ஒரு வாடை. அங்கே முனியம்மாவைத் தெரியும். எங்கள் குழாயடிக்கு அடிக்கடி வந்து அம்மாவோடு பேசிவிட்டுப் போகிறவர்.

காலரைப் புரட்டிக் காட்டினேன். முனியம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"நம்ம மார்க்கு இல்லம்மா இது. நாங்க நூல்ல போடவே மாட்டோம். சேங்கொட்டையைக் குத்தி அந்தச் சாத்துல போடுவோம். கறுப்பா நிக்கும், துணி கிழிஞ்சாலும் அது போவாது."

எனக்கு உயிர் வந்தது. திருட்டுப் பட்டம் கழன்றது என்று விமலாவைப் பார்த்துக் கண்ணடித்தேன். முனியம்மா மட்டும் காலரை விடவில்லை.

"நூல்ல நம்பர் போட்டா, அது குடை ஷெட்டு வழக்கம். சண்டை காலத்துல உங்கம்மா அங்கதானே வேலை செஞ்சா. நானும் ரெண்டு வருசம் அங்க பெருக்கினேன். ஆனா..."

"ஆனா?"

"உங்கம்மா நம்பர் இருபத்தெட்டாச்சே. இருபத்தேழு ரோசம்மாவோடது. ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து மிஷின். ஒரே தட்டுல சோறு திம்பாங்க. அவ நம்பரை எதுக்கு இவ போடறா?"

நான் ரோசம்மா யார், எங்கே என்று துருவினேன். ஆஸ்டின் டவுனில் கோயிலை ஒட்டின சந்து, தையல்காரம்மா என்று கேட்டால் காட்டுவார்கள் என்றார் முனியம்மா. "ஆனா அது ஒரு கதை. உங்கம்மாவையே கேளு, நான் சொல்றது நல்லா இருக்காது" என்று மறுபடி கல்லின் பக்கம் திரும்பிவிட்டார்.

வீடு திரும்பும் வழியெல்லாம் இதையே நினைத்துக்கொண்டு நடந்தேன். துணி திருட்டுத் துணி இல்லைதான். நம்பரல்லவா திருட்டு நம்பராகிவிட்டது?

மழையில் சண்டை போடும் சிப்பாய்கள்

அதைவிடப் பெரிய குழப்பம் அந்தக் குடை. அம்மா குடை தைத்தாள் என்றால் அந்த உலக யுத்தத்தில் சிப்பாய்கள் குடை பிடித்துக்கொண்டா சுட்டார்கள்? ஒரு கையில் துப்பாக்கி, ஒரு கையில் குடை என்று நான் மனசுக்குள் படம் போட்டுப் பார்த்தேன். எதிரி நாட்டில் ஓயாமல் மழை பெய்யும் என்று விமலா தீர்மானமாகச் சொன்னாள். அவளுக்கு எதற்கும் ஒரு பதில் உண்டு.

சோதித்துப் பார்த்துவிடலாம் என்று அப்பாவின் கிழிந்த குடையை எடுத்துக்கொண்டு போய் அம்மா முன்னால் நீட்டினேன்.

"இத தச்சுக் குடும்மா."

"குடை தைக்க எனக்கு எங்கடி தெரியும்? ரிப்பேர்காரன் தெருவுல வருவான், குடுத்துக்கலாம்."

முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. குடை ஷெட்டில் தைத்தவள், குடை தைக்கத் தெரியாது என்கிறாள்! அம்மா வாய் கூசாமல் பொய் சொல்கிறாள் என்று முடிவு கட்டினேன். அவள் சொன்னது முழு உண்மை என்பது தெரிய மறுநாள் சாயங்காலம் ஆயிற்று.

ஆஸ்டின் டவுன்

சிநேகிதி வீட்டுக்கு என்று சொல்லிவிட்டு இருவரும் நடந்தோம். நல்ல தூரம். பாதி வழியில் விமலா கால் வலிக்கிறது என்று உட்கார்ந்துவிட்டாள். கையில் இருந்த கடலைமிட்டாயைக் காட்டிக் காட்டியே அவளைக் கூட்டிப் போனேன்.

கதவைத் திறந்தது என்னைவிடச் சற்றுப் பெரிய பெண். உள்ளே ஜன்னலோரம் கைமிஷின். அதன் மேல் பாதி தைத்த வெள்ளைக் கவுன், பனிமாதிரி வெள்ளை. மிஷினுக்குப் பின்னால் ஒல்லியான ஓர் அம்மாள் கண்ணாடியை மூக்கில் இறக்கி எங்களைப் பார்த்தார்.

"யாரு பசங்களா நீங்க?"

பேச்சு வராமல் காலரைப் புரட்டிக் காட்டினேன். ரோசம்மா என்னை ஜன்னல் வெளிச்சத்துக்கு இழுத்தார். விரல் நுனியால் அந்த எண்ணைத் தடவினார். நேரம் போய்க்கொண்டே இருந்தது. எனக்குக் கழுத்து வலித்தது.

"யாரு தச்சது?"

"எங்கம்மா. தனம். ஜோகுபாளையம்."

நான் பொறுக்காமல் என் சந்தேகத்தைக் கொட்டினேன். "சண்டையில சிப்பாயிங்க எதுக்குக் குடை பிடிச்சாங்க?"

அதற்குத்தான் சிரித்தார். "மழைக்குடை இல்லடி கண்ணு. ஏரோப்ளேன்லருந்து மனுசன் குதிக்கறான்ல, மேல பெருசா விரியுமே, அந்தக் குடை. அதுக்கு இங்கிலீஷ்ல என்னவோ நீட்டமா ஒரு பேரு. எங்க வாயில நுழையல, குடைன்னே சொல்லிக்கினோம். துண்டு துண்டா தச்சு இணைக்கணும். ஒவ்வொரு துண்டுலயும் தச்சவ நம்பர் இருக்கும். தையல் பிரிஞ்சா ஒரு உயிரு போச்சு, தெரியுமா?"

வளையல் அந்த வழுவழுப்புத் துணியில் பட்டால் இழை இழுத்துக்கொள்ளும், அதனால் கழற்றச் சொன்னார்களாம். கட்டினவன் உயிரோடு இருக்கும்போது எப்படிக் கழற்றுவது என்று பெண்கள் எல்லோரும் ஒரே அழுகை. கடைசியில் கந்தலைச் சுற்றிக்கொள்ளட்டும் என்று ஷெட்டுக்காரர்கள் இறங்கி வந்தார்களாம். முடிந்த துண்டை இன்ஸ்பெக்டர் இழுத்துப் பார்த்து "பாஸ்" என்பாராம். எங்கள் வீட்டு வழக்கங்கள் ஒவ்வொன்றாக அங்கே அவர் வாயிலிருந்து வந்தன.

"அப்ப எங்கம்மா உங்க நம்பரை ஏன் போடறாங்க?"

ரோசம்மாவின் சிரிப்பு போய்விட்டது. கவுனை மடித்து வைத்தார்.

"அத அவங்கதான் சொல்லணும். வந்து சொல்லச் சொல்லு."

பாபின்

அம்மா ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். நான் நேராகச் சொன்னேன். "ஆஸ்டின் டவுன் போயிருந்தோம். ரோசம்மா உன்ன வரச் சொன்னாங்க."

கரைத்த கை அப்படியே நின்றது. அடிப்பாள் என்று விமலா என் பின்னால் ஒளிந்தாள். அம்மா அடிக்கவில்லை. புளிக் கையோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ரோசக்கா அப்ப வாயும் வயிறுமா இருந்தா. நிமிசத்துக்கு ஒரு தரம் வாந்தி. பீஸ் கொறஞ்சா வேலை போயிரும். அவ வூட்டுக்காரர் பட்டாளத்துல, எங்க இருக்காருன்னே தகவல் இல்ல. 'நீ போக்கா, நான் பாத்துக்கறேன்'னு அவ மிஷின்ல போய் உக்காந்தேன். அடுத்தவ மிஷின்ல உக்காரக் கூடாதுன்னு கண்டிசன். யாரோ வர்ற சத்தம். பயத்துல கடகடன்னு ஓட்டிட்டேன். கீழ பாபின்ல நூல் தீந்து போச்சு, பாக்கல. மேல பாத்தா தையல் மாதிரியே இருந்துச்சு. கீழ பிடிப்பே இல்ல."

"அப்புறம்?"

"இன்ஸ்பெக்டர் இழுத்தான். பொளபொளன்னு வந்துருச்சு. அத்தினி பேரு முன்னாடி தூக்கிக் காட்டி, இருபத்தேழு யாருன்னான். ரோசக்கா எழுந்து நின்னா. நின்னுக்கினு என்னப் பாத்தா."

"நீ என்ன சொன்ன?"

"தலைய நிமிரவே இல்ல. பாபினையே பாத்துக்கினு இருந்தேன்."

அன்றே ரோசம்மாவை அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு அம்மா அவரைப் போய்ப் பார்க்கவே இல்லை. "இன்னா மூஞ்சிய வச்சுக்கினு போவேன்?" என்றாள்.

அப்போது எனக்கு அம்மா மேல் இரக்கம் வந்தது என்று எழுத ஆசைதான். மறைக்காமல் சொல்கிறேன், கோபம்தான் வந்தது. எறும்புக்குக்கூடச் சர்க்கரை போடுகிற என் அம்மாவா இப்படி என்று ஆறவில்லை. இரண்டு நாள் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரு கர்ப்பிணிக்காக அவள் எழுந்து போய் உட்கார்ந்ததை அந்த வயதில் நான் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அம்மா தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு, நல்ல புடவையை எடுத்துக் கட்டினாள்.

"வழி தெரியுமில்ல? வா" என்றாள் என்னிடம்.

அடுத்தவள் மிஷின்

"வாங்க" என்றார் ரோசம்மா. "உக்காருங்க."

அம்மாவின் முகம் சுண்டிப்போனது. தன்னைவிட ஐந்தாறு வயது சின்னவளை, ஒரே தட்டில் சோறு தின்றவளை, வாங்க போங்க என்றால் வேறென்ன அர்த்தம்? போடி என்று கதவடைத்திருந்தால்கூட அம்மாவுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அன்று கதவைத் திறந்த பெண் தண்ணீர் கொண்டுவந்தாள். "அன்னிக்கு வயித்துல இருந்தது இவதான்" என்றார் ரோசம்மா. அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். டம்ளரைக் குடிக்காமலே கீழே வைத்தாள்.

"அக்கா, தப்பு என்னுது."

"தெரியும். என் மிஷின்ல யாரு உக்காந்ததுன்னு எனக்குத் தெரியாதா? நீங்க வாயத் தொறந்திருந்தா ரெண்டு பேரு வேலையும் போயிருக்கும். நானும்தானே தொறக்கல. நாலு வூட்டுல பத்துப் பாத்திரம் தேச்சேன், புள்ளையப் பெத்தேன், வூட்டுக்காரர் திரும்பி வந்தாரு, மிஷின் வாங்குனேன். அதெல்லாம் ஆச்சு. ஆனா ஜோகுபாளையம் எங்க இருக்கு, சீமையிலயா? புள்ள பொறந்தப்ப வருவீங்கன்னு வாசலப் பாத்துக்கினு கெடந்தேன். அது மட்டும் எனக்கு ஆறல."

அம்மா அழுதாள். நான் அம்மா அழுது பார்த்தது அதுதான் முதல் தடவை. பார்க்கச் சகிக்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இரண்டு நாள் பேசாமல் இருந்ததற்கு வெட்கமாக இருந்தது.

"என் நம்பர எதுக்கு எல்லாத்துலயும் போடறீங்க?" என்று கேட்டார் ரோசம்மா.

"அந்த நம்பர்ல இனிமே ஒரு தையல்கூடப் பிரியக் கூடாதுன்னுதான்கா. பன்னெண்டு வருசமா ஒண்ணும் பிரியல."

ரோசம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு எழுந்து, மிஷின் மேல் கிடந்த வெள்ளைக் கவுனை எடுத்து உதறினார். அவருடைய கடைக்குட்டிக்குப் புதுநன்மை, அடுத்த ஞாயிறு. முதன்முதலாக நற்கருணை வாங்கப் போகும் பிள்ளைக்கான கவுன். கீழ் ஓரம் மட்டும் பாக்கி.

"உக்காருங்க. இத ஓட்டுங்க."

"உங்க மிஷின்லயா?"

"ஆமா. என் மிஷின்லதான்."

அம்மா எழுந்தாள். உட்காரவில்லை, ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எங்கள் வாசலிலிருந்து திரும்பிப் போன மிஷின் எனக்கு நினைவு வந்தது. இந்தப் பயத்தில்தான் அது திரும்பிப் போயிருக்கிறது.

ரோசம்மா கந்தல் ஒன்றைக் கிழித்து அவள் மேல் எறிந்தார். "நிக்காத. வளையலக் கட்டு."

அந்த 'கட்டு' அம்மாவின் காதில் விழுந்ததோ இல்லையோ, என் காதில் விழுந்தது. அம்மா கந்தலைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். ஊசியைத் தொடவில்லை. முதலில் மிஷினின் வயிற்றுப் பக்கத்தைத் திறந்து, பாபினை வெளியே எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நூல் நிறைய இருந்தது. மறுபடி பொருத்தினாள்.

மிஷின் ஓடியது. கை மறக்கவில்லை. ஓரம் முடிந்ததும் கைத்தையல் ஊசியில் நூல் கோத்து, மடிப்பின் உட்பக்கம் திருப்பினாள். ஒரு '2' போட்டாள்.

"இப்ப யாரு நம்பரு போடப் போற?" என்றார் ரோசம்மா.

ஊசி நின்றது. அம்மா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பிறகு குனிந்து பக்கத்தில் '8' போட்டு, முடிச்சிட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

ரோசம்மா கவுனை வாங்கினார். தையலின் இரு பக்கமும் பிடித்து இழுத்தார். நகர்த்திப் பிடித்து இன்னொருமுறை இழுத்தார். மூன்றாவது தடவை அந்த ஒல்லிக் கையின் நரம்பெல்லாம் புடைக்க இழுத்தார். பிரேமாவுக்கு என்ன பதில் சொல்வது என்பதெல்லாம் எங்கோ போய்விட்டது. அவளுக்கு நான் கடைசிவரை பதில் சொல்லவும் இல்லை.

தையல் அசையவில்லை. ரோசம்மா கவுனை மடியில் போட்டுக்கொண்டார்.

"பாஸ்டி" என்றார்.